ஆட்டையாம்பட்டி வரை ஒரு சொல்

சேலத்தில் நான் படித்த பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு, ஆண்டுக்கு ஒரு முறை மார்கழிக் குளிரோடு, கடல் கடந்து ஒரு மரப்பெட்டி வரும். கம்பளி நூலில் பின்னிய பொம்மைகள், ஒரு பக்கம் எழுதித் தீர்ந்த வாழ்த்து அட்டைகள், சோப்புக் கட்டிகள், எல்லாவற்றுக்கும் அடியில் ஏதோ குளிர்தேசத்துச் சிறுமிகள் படித்து முடித்த கதைப்புத்தகங்கள். பக்கங்களில் சோப்பு வாசனை ஏறியிருக்கும்.

அந்தக் கதைகளில் வரும் பெண்கள் எல்லோரும் விடுதியில் தங்கிப் படிப்பவர்கள். பந்தடிக்கும் மட்டைக்காகச் சண்டையிடுவார்கள், பேசாமல் இருப்பார்கள், கடைசிப் பக்கத்தில் கைகோத்துக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி 'சம்' (chum) என்பார்கள். எங்கள் பாடப்புத்தகத்தில் தோழிக்கு 'ஃப்ரெண்ட்' என்ற ஒரே சொல்தான் இருந்தது. இவற்றிலோ சம், பேல், மேட், ஓல்ட் கேர்ல் என்று பக்கத்துக்கு ஒன்று. இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த துரைசானியம்மாவிடம் போய்ப் பொருள் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, "எல்லாம் ஃப்ரெண்ட்தான். ஆனால் இவை வீட்டில் உடுத்தும் துணி மாதிரி. பரீட்சைக்கு உடுத்திக்கொண்டு வரக் கூடாது" என்று தம் வளைந்த தமிழில் சொன்னார்.

கேட்டது நானும் அவளும். அவளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். அவள் எனக்கு யார் என்று பலர் முன்னிலையில் சொல்ல வேண்டிய ஒரு காலை நேரம் எனக்கு வாய்த்தது. நான் சொல்லவில்லை.

எங்கள் ஊர் வெண்ணந்தூருக்கு அப்பால், சோளக்காடும் கடலைக்காடும் சூழ்ந்த சிற்றூர். அப்பாவுக்கு அங்கே நிலம் இருந்தது. அம்மா இறந்த பிறகு, சேலத்தில் இருந்த அத்தை என்னை அழைத்துப்போய் வளர்த்தார். அப்பாவின் அக்கா, குழந்தை இல்லாதவர். தலைக்கு எண்ணெய் வைக்கும்போது என் வகிடு நேராக வரும்வரை பத்து முறை பிரித்துச் சீவுவார். படிக்க வேண்டும் என்று நான் அழுததும், மறுநாளே முக்காட்டைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்த்துவிட்டவரும் அவர்தான்.

அவள் பள்ளி விடுதியில் இருந்தாள். பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது தற்செயல். முதல் நாள் இடைவேளையில், "எந்த ஊருங்க நீங்க?" என்று கேட்டாள். ஊரைச் சொன்னேன், வீட்டு வாசலில் இரட்டை வேப்பமரம் நிற்கும் என்றும் சொன்னேன். அவள் முகம் மாறியது. பெஞ்சைவிட்டு எழுந்து நின்றாள்.

"சாமி ஊட்டுப் புள்ளைங்களா நீங்க?"

அவளுடைய அப்பா எங்கள் காட்டில் ஏர் ஓட்டுபவர். ஊருக்குத் தெற்கே இருந்த வளவில், ஆள்காரர்கள் குடியிருந்த அந்தக் கூரை வீடுகளில் ஒன்றில் பிறந்தவள் அவள். எங்கள் வீட்டு வாசலில் அவளுடைய அம்மாவுக்குத் தண்ணீர் கொட்டாங்குச்சியில் ஊற்றப்படுவதை நான் நூறு முறை பார்த்திருப்பேன். பாதிரியார் ஒருவர் அந்த வளவிலிருந்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க அழைத்துச் சென்றார் என்பது கேள்விப்பட்டதுதான். அதில் ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுவாள் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை.

"உக்காரு" என்றேன்.

"இருக்கட்டுமுங்க."

மணி அடித்து வாத்தியாரம்மா வந்து அதட்டியபிறகுதான் உட்கார்ந்தாள், பெஞ்சின் விளிம்பில்.

ஒரு மாதத்தில் விளிம்பு நடுவாயிற்று. ஆனால் நாக்கு மட்டும் இணங்கவில்லை. நான் அவளை 'வா, போ' என்பேன். அவள் 'வாங்க, போங்க' என்பாள். என்னையும் 'நீ' என்று சொல்லச் சொல்லி ஒரு நாள் முழுதும் நச்சரித்தேன். புளியமரத்தடியில் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, "நீ..." என்று தொடங்கி, "...ங்க" என்று முடித்தாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

"வாய் வரமாட்டேங்குதுங்க. எங்கம்மா கேட்டா வாயில சூடு வெச்சுப்போடுவா."

"உங்கம்மா இங்க எங்க இருக்கறா?"

"எங்கம்மா இங்கதானுங்க இருக்கறா" என்று தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

மரப்பெட்டி வந்தது அந்த ஆண்டின் இறுதியில்தான். அந்தக் கதைச் சொற்களில் மேல் கீழ் இல்லை. 'சம்' என்று நான் கூப்பிட்டால் அவளும் 'சம்' என்றே திரும்பக் கூப்பிடலாம். அவளுடைய தொண்டையில் இருந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்த மார்கழியில், பதினோரு வயதில், அவள் முதன்முதலாக என்னை ஒத்த ஒருத்தியாக விளித்தாள். சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி சொன்னாள்.

ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கினோம். கண்ணில் படும் தோழமைச் சொற்களையெல்லாம் அதில் எழுதுவோம். அவளுடைய அண்ணன் மேட்டூரில் அணை கட்டும் வேலைக்குக் கல் சுமக்கப் போயிருந்தான். வெள்ளைக்கார இன்ஜினீயர்கள் ஒருவரையொருவர் 'ஓல்ட் சேப்' என்று கூப்பிட்டுக்கொள்வார்கள் என்று சொல்லி, அவனும் எங்கள் நோட்டுக்கு ஒரு சொல் தந்தான். "உன்னை என்னன்னு கூப்புடுவாங்க அண்ணா?" என்று இவள் கேட்டாளாம். "கையைத் தட்டுவாங்க" என்றானாம். அதை எழுதவா வேண்டாமா என்று என்னிடம் வந்து கேட்டாள். எழுத வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

விடுமுறைக்கு ஒரே பேருந்தில் ஊருக்குப் போவோம். சேலத்தில் ஏறும்போது வெள்ளைப் பாவாடை தாவணியில் இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஒரே இருக்கையில் உட்கார்ந்து நோட்டை விரித்துக்கொள்வோம்.

"இன்னைக்கு மேட்."

"மேட் போன தடவையே ஆயிப்போச்சுங்க. இன்னைக்குப் பேல்."

"அந்த '-ங்க'வை எறக்கி உடு."

"அதுக்கும் சேத்துத்தான் டிக்கெட்டு எடுத்திருக்குதுங்க, சம்."

இந்த விளையாட்டு ஆட்டையாம்பட்டி வரைக்கும்தான். அங்கிருந்து எங்கள் பக்கத்து ஆட்கள் ஏறத் தொடங்குவார்கள். முதல் விடுமுறையிலேயே, தறிக்கொட்டகைகள் கண்ணில் பட்டதும், அவள் தானாக எழுந்து பின்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போகச் சொன்னது நான் அல்ல. தடுத்ததும் இல்லை. பிறகு அதுவும் விளையாட்டின் ஒரு பகுதியாயிற்று. "டாட்டா, சம்" என்று காதில் சொல்லிவிட்டு எழுவாள். முறுக்குக்காரி ஜன்னலோரம் கூடையை நீட்டுவாள். நான் இரண்டு முறுக்கு வாங்கி, ஒன்றைத் தாளில் சுற்றி இருக்கையிலேயே வைத்துவிட்டு இறங்குவேன். கடைசியாக இறங்கும் அவள் அதை எடுத்துக்கொள்வாள். வெண்ணந்தூரில் எனக்காக வீட்டு வண்டி காத்திருக்கும். அவளுடைய தகரப்பெட்டியை ஏற்றிக்கொள்ள வண்டிக்காரர் ஒப்புக்கொள்வார். பெட்டி வண்டியில் வரும். அவள் வண்டிப் புழுதியில் பின்னால் நடந்து வருவாள். நான் திரும்பிப் பார்த்தால் முறுக்கை உயர்த்திக் காட்டுவாள்.

அப்போது எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

ஒரு முறை 'என் தோழி' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். விடுமுறையில் அப்பா என் நோட்டுகளைப் புரட்டுவார் என்பதால், நான் கதைப்புத்தகத்துப் பெண் ஒருத்தியைத் தோழியாக்கி எழுதினேன். அவள் என்னைப் பற்றி எழுதியிருந்தாள். என் வகிட்டின் நேர்த்தியைப் பற்றிக்கூட ஒரு வரி இருந்தது. 'ஷி இஸ் மை சம்' என்று முடித்திருந்தாள். துரைசானியம்மா 'சம்' என்பதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே 'ஃப்ரெண்ட்' என்று திருத்தி, ஒரு மதிப்பெண் குறைத்திருந்தார். அவள் என் கட்டுரையை வாங்கிப் படித்துவிட்டு, "இந்தப் புள்ள எந்த ஊருங்க? நம்ம பஸ்ல ஏறுனதே இல்லையே" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

பள்ளி முடிந்ததும் அவள் நர்ஸ் படிப்புக்கு வேறு ஊருக்குப் போனாள். நோட்டு அவளோடு போயிற்று. நான் அத்தை வீட்டில் இருந்து, கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். மாதம் இரண்டு கடிதங்கள் எழுதிக்கொள்வோம், இங்கிலீஷில். தொடக்கத்தில் 'சம்', முடிவிலும் 'சம்'. அத்தை உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "படிச்ச புள்ளைங்க எழுத்து எறும்பு ஊர்ந்தாப்புல எவ்வளவு அழகா இருக்குது" என்பார்.

யுத்தம் தொடங்கிய சமயத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை திருச்செங்கோட்டுப் பக்கம். அவளுக்கு எழுதினேன்: 'நீ வராமல் நான் மணையில் உட்கார மாட்டேன், சம்.' எழுதும்போது முழு மனத்தோடு எழுதினேன். நான்கு ஆண்டுகளாகக் கடிதங்களிலேயே வாழ்ந்ததில் ஒன்றை மறந்துபோயிருந்தேன். கல்யாணம் நடக்கப்போவது ஆட்டையாம்பட்டிக்கு அப்பால், எங்கள் ஊரில். கடிதம் அந்த ஊரைத் தாண்டிப் போகும்போது, பின்னால் போய் நிற்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. அவளுக்கு இருந்தது. அதை அவளும் மறந்துபோனாளா, அல்லது நான் நினைவோடுதான் அழைக்கிறேன் என்று நம்பினாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் காலை. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பந்தலில் உட்கார்ந்து கூறைச்சேலையை மடிமேல் பரப்பிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அத்தைக்குப் பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். பந்தலின் முன்வாசல் வழியாக, மொரமொரவென்ற வெள்ளைச் சேலையும் கறுப்புச் செருப்பும் கையில் கடிகாரமுமாக அவள் வந்தாள். நேராக என் முன்னால் வந்து நின்று, பழுப்புத்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை நீட்டினாள்.

"வந்துட்டேன், சம்."

அவள் குரலில் '-ங்க' இல்லை.

"ஆரு கண்ணு இது? டாக்டரம்மாளா?" என்று அத்தை மகிழ்ச்சியோடு கேட்டார். மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருவர், "கடியாரமெல்லாம் கட்டியிருக்குதே! இப்பிடி வந்து உக்காரு சாமி" என்று பாயில் இடம் விட்டு நகர்ந்தார். அப்போது எங்கள் பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அட, இது நம்ம தெக்கு வளவு ஏரோட்டி மவ இல்லீங்களா?"

நகர்ந்த அம்மாள் திரும்பவும் தன் இடத்துக்கே நகர்ந்துகொண்டார். சேலையை யாரோ மடியிலிருந்து எடுத்துச் சுருட்டினார்கள். அத்தை என் பக்கம் திரும்பினார்.

"உன்னய என்னமோ சொல்லிக் கூப்புட்டாளே கண்ணு. என்ன அது?"

அவள் என்னையே பார்த்தாள். என் வாயில் விடை இருந்தது. 'என் தோழி, அத்தை' என்று சொல்ல ஒரு மூச்சு போதும்.

"ஒண்ணுமில்லீங்க அத்தை. பள்ளிக்கூடத்துல எல்லாத்தையும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றேன்.

அவள் அரைக் கணம்தான் நின்றாள். பொட்டலத்தைப் பந்தல் காலடியில் வைத்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். நாலடி பின்னால் போய், கைகூப்பி, தன் அம்மாவின் குரலில் சொன்னாள்:

"கும்புடறனுங்க சாமி. நல்லா இருக்கோணுமுங்க."

அவள் போன பிறகு, அவள் நின்ற இடத்தில் சாணித் தண்ணீர் தெளிக்கும் ஓசையைக் கேட்டேன். அன்று மாலை அவளுடைய அப்பா வந்து, வாசலுக்கு வெளியே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். "புள்ள பட்டணத்துல இருந்ததுல வெவரம் தெரியாம வந்துபோட்டா சாமி. மன்னிச்சுக்கோணும்." அப்பா, "செரி, போ" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அழைத்தது நான்தான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். கையில் மருதாணி காய்ந்துகொண்டிருந்தது; அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அன்றிரவு நான் எடுத்துப் பிரித்த பொட்டலத்தில் இருந்தது எங்கள் நோட்டு. பழைய தாள்கள் உதிரத் தொடங்கியிருக்க வேண்டும். எல்லாச் சொற்களையும் புதிதாக, நிதானமான எழுத்தில் படியெடுத்திருந்தாள். கடைசிப் பக்கத்தில் 'மேட்' என்பதற்கு நேராக எழுதியிருந்தாள்: 'ஒரே அறையில் இருப்பவர்களையும் இப்படிச் சொல்வார்கள். என் அறையில் இன்னொரு கட்டில் காலியாக இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் வா.' அந்தக் குறிப்பு மட்டும் தமிழில் இருந்தது. 'வா' என்றே எழுதியிருந்தாள்.

திருச்செங்கோட்டிலிருந்து மூன்று கடிதங்கள் எழுதினேன். மூன்றாவதற்குப் பதில் வந்தது. 'மதிப்புக்குரிய அம்மையார் அவர்களுக்கு' என்று தொடங்கி, என் நலத்துக்கும் என் கணவர் நலத்துக்கும் பிரார்த்திப்பதாகச் சொல்லி, 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள' என்று முடிந்திருந்தது. பரீட்சைக்கு உடுத்தும் துணி. அதில் திருத்த ஒரு பிழையும் இல்லை.

ஏழெட்டு ஆண்டுகள் கழிந்தன. அத்தைக்கு நீரிழிவில் பார்வை மங்கி, காலில் ஒரு புண் ஆறாமல் பரவி, சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். செய்தி கிடைத்து நான் போய்ச் சேர மூன்று நாளாயிற்று. கட்டிலில் அத்தை சாய்ந்திருந்தார். வெள்ளைத் தொப்பி அணிந்த நர்ஸ் ஒருத்தி குனிந்து காலில் பழைய கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். முதுகைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"வா கண்ணு" என்றார் அத்தை. "இந்தச் சாமி இல்லீனா என் காலை எடுத்திருப்பாங்க. பஞ்சு வெக்கறதே தெரியாது, அப்படி ஒரு கை. தாகம்னு வாயைத் தொறக்கறதுக்குள்ள தண்ணி ஊத்திப்போடுவா."

அவள் டம்ளரை எடுத்து அத்தையின் வாயில் தண்ணீர் ஊற்றினாள். அத்தை கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். கொட்டாங்குச்சியில் ஊற்றப்பட்ட தண்ணீர் என் நினைவுக்கு வந்தது. அவளுக்கும் வந்திருக்குமா என்று முகத்தைப் பார்த்தேன். அவள் பஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ படிச்ச பள்ளிக்கூடமாமே கண்ணு? உனக்கு இவளத் தெரியுமா?"

இத்தனை ஆண்டுகளும் நான் காத்திருந்த கேள்வி. பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் கேட்கும்படி, நிமிர்ந்து நின்று சொன்னேன்:

"தெரியுமுங்க அத்தை. என் சிநேகிதி. உயிர்ச் சிநேகிதி."

அத்தையின் கண்கள் விரிந்தன. "அப்படியா! அப்ப உன் கல்யாணத்துக்கு..."

அவள் நிமிராமலே, கட்டின் முடிச்சை இட்டுக்கொண்டே சொன்னாள்:

"இல்லீங்கம்மா. ஒரே பள்ளிக்கூடம், அவ்வளவுதானுங்க. அங்க எல்லாத்தையும் அப்படித்தான் சொல்லுவாங்க."

தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

வராந்தாவில் அவளை மறித்தேன். "சம்" என்று மட்டும் சொன்னேன்.

"பெரியம்மாளுக்குப் புண்ணு இன்னும் பத்து நாளைக்குத் தெனமும் கட்டணுமுங்க" என்றாள். "நான் ஆருன்னு தெரிஞ்சா காலை நீட்ட மாட்டாங்க. சொல்லிப்போடாதீங்க."

"அதுக்காகத்தானா அப்படிச் சொன்னே?"

அவள் என்னைப் பார்த்தாள். முறுக்கை உயர்த்திக் காட்டிய பெண்ணின் கண்கள்தாம். ஆனால் அவற்றில் எனக்கென்று எதுவும் வைத்திருக்கவில்லை.

"கட்டு மாத்தற நேரமுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பதின்மூன்றாம் நாள் அத்தையை ஓய்வுக்காக அப்பாவின் வீட்டுக்கு அழைத்துப் புறப்பட்டேன். புறப்படும்போது அவளைத் தேடினேன்; வேறு வார்டில் வேலை என்றார்கள். பேருந்தில் அத்தை காலை நீட்டிக்கொள்ள இடம் விட்டு, நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். தறிக்கொட்டகைகள் கண்ணில் பட்டன. வண்டி நின்றதும் முறுக்குக்காரி ஒருத்தி கூடையை நீட்டினாள். அத்தை இரண்டு பொட்டலம் வாங்கினார்.

"ஒண்ண அந்த நர்சுச் சாமிக்கு ஆருகிட்டயாச்சும் குடுத்தனுப்போணும் கண்ணு. பெத்த மவ மாதிரி பாத்தா. ஆமா, அவ எந்த ஊரு, ஆரு ஊட்டுப் புள்ளைன்னு கேட்டியா?"

சொல்லலாம். புண் ஆறிவிட்டது, இனிக் கட்டு இல்லை. ஆனால் சொல்லாதீர்கள் என்று அவள் கேட்டிருந்தாள். எத்தனை நாளைக்கு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. பந்தலில் என் வாயை அடைத்த அச்சமா, வராந்தாவில் அவள் கேட்ட வாக்கா, எது அப்போது என் நாக்கைப் பிடித்தது என்று பிரித்தறிய இன்றும் முயல்கிறேன்.

"கேக்கலீங்க அத்தை" என்றேன்.

அத்தை அந்தப் பொட்டலத்தை எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கையில் வைத்தார். இறங்கும்போது எடுக்க மறந்துபோனார். நான் பார்த்தேன், எடுக்கவில்லை.